அசலூர்க்காரிக்கு இரண்டு படி

ஒருத்தியைப் பழிவாங்குவதற்காகப் பதினாறு வருஷம் காத்திருந்தேன். அதை மறைப்பதற்கில்லை. பாகூர்ப் பக்கம் எங்கள் தெருவில் என் வயதுக்காரிகள் யாராவது மிச்சமிருந்தால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள். அந்தப் பதினாறு வருஷமும் நான் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. அடக்கமானவள் என்று பெயர் வாங்கினேன். அடக்கம் ஒன்றுமில்லை, நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் ஊர் செஞ்சிக்கு மேற்கே, இங்கிலீஷ்காரன் எல்லையில் இருந்தது. கேழ்வரகும் வேர்க்கடலையும் தவிர வேறு எதுவும் விளையாத செம்மண். மூன்று வருஷம் தொடர்ந்து மழை இல்லாமல் போனபோது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். பிரெஞ்சு எல்லையில் ஏரிப் பாசனம், வருஷம் முழுக்க வேலை என்று யாரோ சொன்னதைக் கேட்டு நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மூட்டையும் ஒரு ஆடுமாகக் கிளம்பினோம். ஆட்டை வழியில் விற்றுச் சாப்பிட்டோம். எல்லைச் சாவடியில் மூட்டையை அவிழ்த்து உதறினார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், திரும்பக் கட்டுவதற்குக்கூட நேரம் கொடுக்காமல் நகரச் சொன்னார்கள். பாகூர் ஏரிக்கரையில் ஏறி நின்றதும் என் வீட்டுக்காரர் இறங்கிப்போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “இங்க சோறு கீது புள்ள” என்றார்.

ஏரிக்குக் கீழே, வாய்க்கால் முடிகிற இடத்தில், ஒரு பண்ணை இருந்தது. பண்ணைக்காரர் அப்போது நடுத்தர வயதுக்காரர். வெள்ளை வேட்டியில் சேறு படாமல் வரப்பில் நடக்கத் தெரிந்தவர். என் வீட்டுக்காரரை ஏர் ஓட்ட எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நடவு தெரியுமா?”

“கத்துக்கிறேங்க ஐயா.”

“அப்ப ரெண்டு படி. உள்ளூர்க்காரிங்களுக்கு மூணு. உனக்குக் கை பழகட்டும், நீயும் மூணு வாங்கிக்கோ.”

கூலி அப்போதெல்லாம் நெல்தான். சாயங்காலம் களத்தில் படியால் அளந்து முந்தானையில் போடுவார்கள். முதல் பருவம் எனக்கு இரண்டு படி கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. சேற்றில் நிற்கவே தெரியாதவள் நான். மற்றவர்கள் மூன்று வரிசை முடிக்கும்போது நான் ஒன்றில் பாதி போயிருப்பேன். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ராத்திரி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு, காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஆள் சேர்த்து வேலைக்கு அழைத்துப்போகிறவளைக் கொத்துக்காரி என்பார்கள். உள்ளூர்க் கொத்துக்காரி என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். நல்ல உயரம், அகன்ற தோள். அவள் குரல் கொடுத்தால் அடுத்த வயல் வரைக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நாற்றைப் பிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். “கசக்காதடி. பச்சப் புள்ளயத் தூக்கறாப்ல புடி” என்று என் விரலைப் பிடித்து மண்ணுக்குள் அழுத்திக் காட்டினாள். இதையும் சொல்லிவிட வேண்டும். அவளிடம் நான் கற்றுக்கொண்டேன், அவளைவிட நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

அடுத்த பருவத்தில் நான் மற்றவர்களோடு சேர்ந்து கரை ஏறினேன். அதற்கடுத்த பருவத்தில் அவர்களுக்கு முன்னால் ஏறினேன். என் வரிசை நூல் பிடித்தது போல இருக்கும். பண்ணைக்காரரே நின்று பார்த்துவிட்டுப் போவார். ஆனால் சாயங்காலம் என் முந்தானையில் விழுந்தது அதே இரண்டு படி. அளப்பது கொத்துக்காரிதான்; அதுவும் உள்ளூர்க்காரிகளுக்குப் படிக்கு மேல் கோபுரமாகக் குவித்துப் போடுவாள். எங்களுக்கு, அதாவது எனக்கும் என்னைப்போல மேற்கிலிருந்து வந்த நாலைந்து பேருக்கும், உள்ளங்கையால் தலையை வழித்துவிட்டுப் போடுவாள். கணக்குப் பார்த்தால் எங்கள் இரண்டு, இரண்டுகூட இல்லை.

ஒருநாள் அவளிடம் கேட்டேன். “அக்கா, கை பழகினா மூணுன்னு ஐயா சொன்னாரு.”

“அவரு சொல்லுவாரு. அளக்கறது நானு” என்றாள். “இந்த ஏரிக்கரை ஒடைஞ்சப்போ உங்க பாட்டன் வந்து மண்ணு கொட்டினானா? எங்க பாட்டன் கொட்டினான். உனக்கு மூணு குடுத்தா நாளைக்கு எங்களுக்கு ரெண்டரைன்னுவாரு. எங்க பங்குல இருந்து எடுத்து உனக்குக் குடுக்கச் சொல்றியா?”

 மற்ற பெண்கள் எல்லோரும் அவரவர் காலைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர், “வந்த எடத்துல வாய வெச்சிக்கினு சும்மா கெட புள்ள” என்றார். அவர் அப்படித்தான். அவருக்கும் ஏர்க் கூலியில் கால் பங்கு குறைத்துத்தான் கொடுத்தார்கள். அவர் கேட்கவே இல்லை.

மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் நான் அறுப்புக்குப் போனேன். களத்துப் புங்க மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு அறுத்தேன். நடுவில் இரண்டு முறை போய்ப் பால் கொடுத்தேன். அன்றைக்கு இன்னொருத்தியும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். உள்ளூர்க்காரி. அவளும் போய்ப் போய்ப் பால் கொடுத்தாள். சாயங்காலம் அவளுக்கு மூன்று படி விழுந்தது. எனக்கு ஒன்றரை.

“அரைப் படி எங்க அக்கா?”

“புள்ளைக்குப் பால் குடுத்த நேரம்.”

“அவளும்தான் குடுத்தா.”

கொத்துக்காரி எழுந்து நின்றாள். என் முந்தானையின் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். விழுந்த ஒன்றரைப் படி நெல்லும் களத்து நெல்லோடு போய்ச் சேர்ந்தது. முந்தானை அவிழ்ந்து, பால் கட்டி நனைந்திருந்த ரவிக்கையோடு நான் அத்தனை ஆண்கள் நடுவில் நின்றேன்.

“போ. உங்க ஊருக்குப் போய் நியாயம் கேளு” என்றாள்.

பண்ணைக்காரர் களத்தோரம் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை மறுபடியும் அதே களத்துக்கு வந்தேன். வராமல் என்ன செய்வது? ஆனால் வழியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஒருநாள் இவள் என் முன்னால் வந்து முந்தானை ஏந்துவாள். அளக்கிற கை என் கையாக இருக்கும். அதுவரைக்கும் இவளை அக்கா என்றே கூப்பிடுவேன்.

வருஷங்கள் போயின. இரண்டு படி இரண்டே காலாயிற்று. அது ஊரில் காலரா வந்து ஆட்கள் குறைந்த வருஷம். இரண்டே கால் இரண்டரையாயிற்று. அது பக்கத்துப் பண்ணைக்காரன் எங்கள் அசலூர்ப் பெண்களைத் தன் வயலுக்கு இழுக்கப் பார்த்த வருஷம். நான் நன்றாக நட்டேன் என்று ஒரு பிடி நெல்கூட ஒருநாளும் ஏறவில்லை. அவர்களுக்கு ஆள் தட்டினால் மட்டும் ஏறியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பின்னால் இதுதான் எனக்குக் கத்தியாக உதவியது.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது முதல் முறையாக என்னோடு நடவுக்கு இறங்கினாள். இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள். அவள் புத்தகத்தைப் பார்த்துத்தான் நானும் எழுத்துக் கூட்டக் கற்றேன். வயலில் அவளுக்கு வேகம் வரவில்லை. என் வரிசையை முடித்துவிட்டு அவள் வரிசையில் பாதியை நான் நட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் கொத்துக்காரி அவள் தாடையைப் பிடித்து ஆட்டி, “இந்த மண்ணுல பொறந்த புள்ள” என்று சொல்லி மூன்று படி அளந்தாள். கோபுரமாகக் குவித்து அளந்தாள். பிறகு எனக்கு அளந்தாள். இரண்டரை, தலைவழித்து.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் தன் நெல்லை என் முந்தானையில் கொட்டினாள். “நீ நட்டதுதானம்மா” என்றாள். அவளைத் திட்டிவிட்டேன். எதற்குத் திட்டினேன் என்று அவளுக்குப் புரியவில்லை. வயலில் பாதி வேலை தெரியாத குழந்தைக்கு மூன்று, பதினைந்து வருஷம் நட்டவளுக்கு இரண்டரை. இடம்விட்டு வந்தவளுக்கு ஒருநாளும் கிடைக்காதது, அவள் வயிற்றில் பிறந்ததற்குப் பிறந்த அன்றே கிடைத்துவிடுகிறது. கொத்துக்காரி என் மகளிடம் அன்பாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

பிறகு ஐரோப்பாவில் சண்டை வந்தது. எங்களுக்கு அது அரிசி விலையாகவும் மண்ணெண்ணெய் கிடைக்காத வீடாகவும் வந்தது. புதுச்சேரி மில்லுகளில் ஆள் எடுத்தார்கள். காசாகக் கூலி, வாரம் தவறாமல். முதலில் ஊர் ஆண்கள் போனார்கள், பிறகு இளம் பெண்களும், என்னைப்போல மேற்கிலிருந்து வந்திருந்த நாலைந்து பேரும் போனார்கள். இரண்டு வருஷத்தில் கொத்துக்காரியின் கொத்தில் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். எல்லோரும் வயதானவர்கள். அவளுக்கே முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் மகன் மில்லுக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். பணம் எதுவும் அனுப்புவதில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கேட்டபோது எனக்கு இனித்தது.

ஐப்பசியில் சம்பா நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நட ஆள் இல்லை. பண்ணைக்காரர் என்னை வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“உங்க ஊரு பக்கம் ஆளு கெடைக்குமா?”

“முப்பது பேரு கொண்டாறேங்க ஐயா. மூணு படி. குவிச்சு.”

“அசலூர்க்காரிக்கு மூணா?”

“உள்ளூர்க்காரி மில்லுக்குப் பூட்டாளே ஐயா.”

அவர் என்னைப் பார்த்தார். முதன்முதலாக ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு சிரித்தார். “சரி. மொத்தக் கூலி ஏறாம பாத்துக்கோ. இனிமே நீயே அள. யாருக்கு எவ்ளோ குடுக்கறதுன்னு உன் இஷ்டம்.”

உள்ளே போய்ப் படியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பித்தளைப் படி. அதன் விளிம்பு எத்தனையோ உள்ளங்கைகள் வழித்து வழித்துப் பளபளவென்று தேய்ந்திருந்தது. அவர் கொடுத்தது எனக்கு அதிகாரமா, சுருக்குக் கயிறா என்று யோசிக்க எனக்கு அன்றைக்கு அவகாசம் இல்லை. வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

என் ஊரிலிருந்து முப்பத்திரண்டு பெண்கள் வந்தார்கள். பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு நாற்றுப் பிடிக்க நானே கற்றுக்கொடுத்தேன். முதல் நாளே அவர்களுக்கு மூன்று படி என்று சொல்லிவிட்டேன். கை பழகும்வரை என்று எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. கொத்துக்காரியும் அவளுடைய எட்டுப் பேரும் வேறு வழியில்லாமல் என்னிடம் வந்து வயலில் இறங்கினார்கள்.  அவள் குனிந்து நிமிரும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே நட்டேன்.

சாயங்காலம் களத்தில் என் ஊர்ப் பெண்களை முதலில் கூப்பிட்டேன். ஒவ்வொருத்திக்கும் மூன்று, கோபுரமாக. அந்தப் பெண்கள் இவ்வளவு நெல்லை ஒரே நாளில் பார்த்ததில்லை. பிறகு கொத்துக்காரியைப் பார்த்தேன்.

“உள்ளூருக்கு ரெண்டு.”

“இன்னா சொன்ன?”

“காதுல வுழலயா? ரெண்டு.”

“இந்தக் களத்துல நான் இருபது வருசம் அளந்தவடி.”

“அப்ப உனக்கே அளவு தெரியும். முந்தானையப் புடி.”

பிடித்தாள். நான் படியை அள்ளி, உள்ளங்கையால் மெதுவாக, மிக மெதுவாகத் தலையை வழித்துவிட்டுப் போட்டேன். இரண்டாவது படியையும் அப்படியே. அந்த நேரத்தில் என் உடம்பில் ஓடிய சந்தோஷத்தைப் போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. மகள் பிறந்தபோதுகூட இல்லை.

என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. என் ஊர்ப் பெண்களோடு நிற்காமல், பழக்கத்தில் உள்ளூர்க்காரிகளின் வரிசைக் கடைசியில் நின்றிருந்தாள். கொத்துக்காரிக்குப் பின்னால் நின்ற ஒருத்தி சத்தமாகக் கேட்டாள். “உம் பொண்ணு எந்த ஊருடி? இங்க பொறந்தவன்னுதானே இத்தினி வருசம் மூணு வாங்கினா?”

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். மூன்று கொடுத்தால் நான் வைத்த சட்டம் அங்கேயே உடைந்துபோகும். நான் மகளுக்கு இரண்டு படி அளந்தேன். தலையை வழித்துத்தான் அளந்தேன். அவள் நெல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு கொத்துக்காரியோடு பேசிக்கொண்டே தெருப்பக்கம் நடந்தாள்.

அந்த நடவு முழுக்க இப்படியே. தை மாதம் அறுப்பு வந்தது. கொத்துக்காரியின் கால் அதற்குள் இன்னும் மோசமாகியிருந்தது. ஒருநாள் மத்தியானம் வரப்பில் போய் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அவளுக்கு ஒன்றரைப் படி அளந்தேன்.

“அரைப் படி எங்க?” என்றாள்.

அந்தக் கேள்விக்காக நான் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன். அவள் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்தேன். நெல் களத்தில் கொட்டியது.

“போ. உங்க ஊருக்குப் போய் நியாயம் கேளு.”

அவள் அழவில்லை. கொட்டிய நெல்லையும் பார்க்கவில்லை. “எந்த ஊருக்குடி போவேன்?” என்றாள். “இதுதான் என் ஊரு.” பிறகு முந்தானையை உதறி இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துப் போனாள்.

அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். பின்னால் மனம் உறுத்தியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் விஷயத்தில் எனக்கு உறுத்தவில்லை. காலையில் எழுந்தபோது மகள் வீட்டில் இல்லை. மில்லுக்குப் போகிற பெண்களோடு விடியலிலேயே கிளம்பிவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கட்டை விரலால் தரையைக் கீறிக்கொண்டே சொன்னார். “அவளுக்காவது மூணு குடுத்திருக்கலாம் புள்ள” என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். எங்கள் வாழ்க்கையில் அவர் என்னைக் குறை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஆனியில் அடுத்த நடவு. படியோடு பண்ணைக்காரரின் வாசலுக்குப் போய் நின்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இந்தப் பருவத்துல இருந்து எல்லாருக்கும் ரெண்டு படிதான்” என்றார்.

“என் ஊர்க்காரிங்களுக்கு மூணுன்னு பேசினோமே ஐயா.”

“உள்ளூர்க்காரியே ரெண்டுக்கு எறங்கறா. அசலூர்க்காரிக்கு எதுக்கு மூணு? நீதானே எறக்கிக் காட்டின?”

முகத்தில் கோபம்கூட இல்லை அவருக்கு. சந்தை விலை சொல்கிற மாதிரி சொன்னார்.  அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று படியை உள்ளூர்க்காரிகள் பல்லைக் கடித்துப் பிடித்து வைத்திருந்தார்கள். எங்களைக் கீழே தள்ளித்தான் பிடித்து வைத்திருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. அதை நான் என் கையால் பிடுங்கி இந்த மனுஷன் மடியில் போட்டிருக்கிறேன். என் முந்தானை அவிழ்ந்த அன்று கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளியவர் இவர். பதினாறு வருஷம் நான் தப்பான ஆளுக்குக் காத்திருந்தேன். சரியாகச் சொன்னால், பாதி ஆளுக்குக் காத்திருந்தேன்.

“சரிங்க ஐயா” என்றேன்.

நடவில் சண்டை போட்டால் அவருக்குப் போவது நாற்று. அறுப்பில் போட்டால் போவது நெல். எனக்குக் காத்திருக்கத் தெரியும். என் ஊர்ப் பெண்கள் முணுமுணுத்தார்கள். “மூணு மாசம் பல்லக் கடிங்கடி” என்றேன். மூன்று மாதம் எல்லோருக்கும் இரண்டு படி அளந்தேன்.

புரட்டாசியில் கதிர் முற்றியது. ஒருநாள் பகலில் கொத்துக்காரியின் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அரிவாள்மனையிலிருந்து கையை எடுக்காமலே, “படலுக்கு அந்தாண்டயே நில்லு” என்றாள். நின்றேன்.

“திருப்தியாச்சா உனக்கு?”

“ஆச்சு.”

“அப்பறம் இன்னாத்துக்கு வந்த?”

“எனக்கும் ரெண்டு படியாக்கிட்டாரு.”

சிரித்தாள். இருமல் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்வரைக்கும் சிரித்தாள். நான் காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

“கதிரு பழுத்துக் கெடக்குது. மழ வரப் போவுது. நாங்க முப்பத்திமூணு பேரும் அறுக்கறதா இல்ல. நீங்களும் எறங்கக் கூடாது. என் ஊருல இருந்து ஒரு ஆளும் வராம நான் பாத்துக்கறேன். நெட்டப்பாக்கத்துல இருந்து கொண்டாந்துட்டாருன்னா எல்லாம் போச்சு.”

“நெட்டப்பாக்கத்துல என் தங்கச்சிங்க ரெண்டு பேரு கொத்து நடத்தறாங்க” என்றாள். ஒரு கொட்டையை எடுத்து எறிந்தாள். “ஒருத்தியும் வரமாட்டா.”

“சரி.”

“நீ என் முந்தானைய அவுத்தத நான் மறக்கல.”

“நானும்தான் மறக்கல.”

“அது வேற” என்றாள். “அது நம்ம ரெண்டு பேரோட சங்கதி. இத முடிப்போம்.”

அறுப்பு நாளன்று நாற்பத்திரண்டு பெண்கள் அரிவாளோடு வந்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்தோம். மூன்று படி, எல்லோருக்கும், குவித்து. அதற்கு மேல் பேச்சில்லை. பண்ணைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். அசலூர்க்காரிகளை எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் அடித்து விரட்டிவிடுவேன் என்றார். “வெரட்டுங்க ஐயா” என்றேன். “நெல்ல யாரு அறுக்கறது?” அவர் வண்டி நெட்டப்பாக்கத்துக்குப் போய் வெறும் வண்டியாகத் திரும்பிவந்தது.

இரண்டாம் நாளே என் ஊர்ப் பெண்களிடம் சோறு தீர்ந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தது. பசித்தவள் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள்? அன்று மத்தியானம் கொத்துக்காரி காலை இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் அவள் கூட்டத்துப் பெண்கள் இரண்டு பானைக் கூழைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெருவில் வீடு வீடாகக் கேழ்வரகு வாங்கிக் காய்ச்சியிருக்கிறாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே, “உனக்காக இல்ல. எங்க ஊருக்கு வந்து பட்டினி கெடந்தாளுங்கன்னு பேரு வோணாம்” என்றாள்.

மூன்றாம் நாள் பண்ணைக்காரரின் மருமகனும் தம்பி மகன்கள் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் ஒரு மூலைதான் முடிந்தது. ஒருவன் காலை வெட்டிக்கொண்டான். வரப்பில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். நான்காம் நாள் ராத்திரி மழை பெய்தது. பெரிய மழை இல்லை. ஆனால் பள்ளத்து வயல் முழுதும் சாய்ந்துவிட்டது. ஈரத்தில் கிடக்கிற கதிர் இரண்டு நாளில் முளைவிடும். எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் காலை அவர் வரப்புக்கு வந்தார். வேட்டியில் முழங்கால் வரைக்கும் சேறு. “மூணு படி” என்றார். “எறங்குங்க.”

“ஒன்னு பாக்கி கீதுங்க ஐயா” என்றேன். “சாயந்தரம் நீங்களே அளக்கணும். உங்க கையால.”

அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு தலையை அசைத்தார். நாங்கள் இறங்கினோம். அப்படி ஒரு அறுப்பு அந்த வயல் பார்த்திருக்காது. இருட்டுவதற்கு முன் பள்ளத்து வயல் காலியாயிற்று.

சாயங்காலம் அவர் களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உட்காரத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு பேருக்கும் நூற்று இருபத்தாறு படி. பத்துப் பேருக்கு அளப்பதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். என் முறை வந்தபோது அவர் குவித்த கோபுரம் சரிந்து விழுந்தது.

“கோபுரம் நிக்கலீங்க ஐயா. மறுபடி.”

மறுபடி அளந்தார்.  “இன்னும் கை பழகல ஐயாவுக்கு” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பதற்காகச் சொன்னதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொத்துக்காரி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். தன் முறை வந்ததும் முந்தானையை அகலமாக விரித்து, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பண்ணையில் ஊருக்கு ஒன்றாக இரண்டு விதக் கூலி என்ற பேச்சே எழவில்லை. என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே குடிசை போட்டார்கள். நாலைந்து வருஷம் கழித்து அவர்களில் ஒருத்தி, புதிதாக வந்த சேலத்துப் பெண்களைக் காட்டி, “இவளுங்களுக்கும் நமக்கும் ஒரே கூலியா?” என்று கேட்டாள். அவள் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். அன்று முழுக்க அதை அவளையே தேடவிட்டேன்.

கொத்துக்காரியும் நானும் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. அவள் செத்தபோது தெருமுனை வரைக்கும் போய் நின்றேன். வீட்டுக்குள் போகவில்லை. பாடை என்னைத் தாண்டிப் போகும்வரை நின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

மகள் மில்லிலேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருவாள். ஒரு வருஷம், அவள் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நானாகப் பேச்செடுத்தேன்.

“அன்னிக்கு உனக்கு ரெண்டு படி அளந்தேன். மூணு அளந்திருக்கணும்.”

“நான் உள்ளூர்க்காரிதானேம்மா” என்றாள், நிமிராமலே. “நீ சரியாத்தான் அளந்த.”

அவள் கிளம்பிய அன்று பாகூர் வரைக்கும் கூடப் போனேன். புதுப் பச்சரிசி ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தேன். வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டாள். பஸ் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பேசுவதற்கு நேரம் நிறைய இருந்தது.